ஏற்காடு இறக்கத்தில் பிரேக் அதிர்வு: ஆலோசனை தேவை

வணக்கம். நான் சேலம் அஸ்தம்பட்டியில் வசிக்கிறேன். என்னிடம் உள்ளது 2015ஆம் ஆண்டு தயாரிப்பான, எட்டு சிலிண்டர் இரட்டை டர்போ பெட்ரோல் எஞ்சின் கொண்ட ஜெர்மன் செடான்; எடை ஏறத்தாழ 2 டன், ஓடியிருப்பது 71,000 கிலோமீட்டர்.

கடந்த மார்கழி முதல், ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் பாதியை இறங்கியதும் பிரேக்கை மிதித்தால் ஸ்டியரிங் இடமும் வலமும் துடிக்கிறது. கப் ஹோல்டரில் கிடக்கும் சில்லறைகூடக் கலகலக்கிறது. அடிவாரத்தில் அரை மணி நேரம் நிறுத்தினால் அடங்கிவிடுகிறது. மலை ஏறும்போதும் ஓமலூர் நெடுஞ்சாலையில் விரைந்து செல்லும்போதும் பிரேக் பிடிக்காதவரை எந்த அதிர்வும் இல்லாததால், டயர் மீது எனக்குச் சந்தேகம் இல்லை.

முன்பக்க டிஸ்க்குகளை (சக்கரத்தோடு சுழலும் பிரேக் தட்டுகளை) கடைசல் பிடித்துச் சமப்படுத்தியபின் இரண்டு மாதம் நன்றாக ஓடி, அதிர்வு மீண்டும் வந்தது. டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் பேடுகளை மாற்றியாயிற்று, ஈரம் ஏறினால் சீக்கிரம் கொதிக்கும் என்பதால் பிரேக் ஆயிலையும் மாற்றியாயிற்று. பேடுகளைத் தள்ளும் காலிப்பர் பிஸ்டன்கள் சிக்கவில்லை. இரண்டாம், மூன்றாம் கியரில்தான் இறங்குகிறேன். இப்போது பட்டறையில் புது டிஸ்க் போடச் சொல்கிறார்கள். ஆனால் டிஸ்க் பொருத்தப்படும் சக்கர மையமான ஹப்பில் கோணல் இருந்தால் அதுவும் சில மாதங்களில் இதே கதியடையும். அந்தக் கோணலை இதுவரை யாரும் அளந்து பார்க்கவில்லை.

ஹப்பை டயல் கேஜ் (நுண்ணிய கோணலையும் முள்ளால் காட்டும் அளவுகருவி) வைத்து அளந்து சொல்லக்கூடிய பட்டறை சேலத்திலோ கோயம்புத்தூரிலோ எங்கே உள்ளது?