பரண் மேல இருக்கற பெட்டிய போட்டுடாத

குழு: பெரிய வீடு

ராஜி, காலை 9:12
எல்லாருக்கும் வணக்கம். பரண ஒருவழியா காலி பண்ணியாச்சு, நாளைக்கு கொல்லப்பக்கம் சுண்ணாம்பு அடிக்க ஆள் வர்றாங்க. சேகர் அண்ணே உன் தகரப்பெட்டி ஒண்ணு கெடந்துச்சு, தொறந்தா முழுக்க இங்கிலீஷ் படக்கதை புக்கு. பழைய பேப்பர்காரர் பதினோரு மணிக்கு வர்றேன்னாரு. எடைக்கு போட்டுடவா

சேகர், 9:13
ஐயோ ராஜி போடாத போடாத

சேகர், 9:13
அந்த பெட்டிய அப்படியே வை

முரளி, 9:15
அக்கா அதுல கைய வச்சீங்கன்னா அண்ணே அடுத்த பஸ்ஸுலயே ஏறி வந்துரும். சின்ன வயசுல என்னையே தொட விட மாட்டாரு, கை கழுவிட்டு வந்தாத்தான் பக்கத்த பொரட்டணும்

ராஜி, 9:21
இல்லண்ணே ஒரு புக்கு மட்டும் பெட்டிக்குள்ளயே அடங்கல, தினசரி பேப்பர மடிச்ச சைஸ்ல இருக்கு, ஓரமெல்லாம் மடங்கிக் கெடக்கு. போட்டோ போடறேன் பாரு

காவ்யா, 9:26
அம்மா இத நிகில் பாத்துட்டான், போன புடுங்கிட்டான், இனிமே அவன்தான் பேசுவான்

காவ்யா, 9:27
தாத்தா நான் நிகில். இதுல சூப்பர்மேனும் ஸ்பைடர்மேனும் ஒண்ணா இருக்காங்க. ரெண்டு பேரும் வேற வேற கம்பெனியாச்சே எப்படி ஒரே புக்குல வந்தாங்க

சேகர், 9:38
நிகில் கண்ணு கரெக்டா கேட்ட. ஆமாப்பா சூப்பர்மேன் டிசி, ஸ்பைடர்மேன் மார்வெல், ரெண்டு கம்பெனிக்கும் கடையில பக்கத்து பக்கத்துல வச்சாலே ஆகாத அளவுக்கு போட்டி, ஆனா 1976ல ரெண்டும் கைகோத்து இந்த ஒரு புக்க போட்டாங்க, அதான் இவ்ளோ பெரிய சைஸ், 96 பக்கம், அமெரிக்காவுல விலை 2 டாலர், அப்ப சாதா காமிக்ஸ் கால் டாலர்தான். எழுதுனது ஜெர்ரி கான்வே, படம் போட்டது ராஸ் ஆண்ட்ரு, அவரு ரெண்டு கம்பெனியிலயும் வேல பாத்து ரெண்டு பேரையும் வரைஞ்சு கை பழகினவரு. அதுக்கு மேலயும் சூப்பர்மேன் உருவத்த நீல் ஆடம்ஸ் கொஞ்சம் திருத்தினாரு, ஸ்பைடர்மேன் முகமூடிய கழட்டுனா பீட்டர் பார்க்கர், அந்த முகத்த ஜான் ரொமிட்டா திருத்தினாரு, ரெண்டு வீட்டுப் புள்ளயும் அவங்கவங்க வீட்டுல இருக்கற மாதிரியே தெரியணும்னு அத்தன அக்கறை

காவ்யா, 9:40
சண்ட போட்டா யாரு ஜெயிப்பா தாத்தா

சேகர், 9:47
அதுல ஒரு எடம் இருக்கு பாரு, இப்ப நெனச்சாலும் எனக்கு அப்படியே படமா தெரியும். சூப்பர்மேனோட எதிரி லெக்ஸ் லூதர் யாருக்கும் தெரியாம ஸ்பைடர்மேன் மேல சிவப்பு சூரியனோட கதிர அடிச்சு விட்டுடுவான், அந்த கதிர்தான் சூப்பர்மேன் பலத்த கொறைக்கும், அதனால ஸ்பைடர்மேன் குத்துனா சூப்பர்மேனே தூரப் போய் விழுவாரு. ஸ்பைடர்மேனுக்கே ஒண்ணும் புரியாது. கொஞ்ச நேரத்துல அந்த சக்தி எறங்கிடும், அது தெரியாம இவன் மாத்தி மாத்தி குத்துவான், சூப்பர்மேன் நின்ன எடத்துல கல்லு மாதிரி நிப்பாரு, திருப்பி ஒரு அடி அடிக்க மாட்டாரு. கடைசில இவனுக்குத்தான் கை வீங்கிப் போகும். அப்புறம்தான் ரெண்டு பேரும் நிதானமா நின்னு பேசுவாங்க. எனக்கு மொத்த புக்குலயும் புடிச்சது அந்த நிக்கற நிப்புதான். பலம் இருக்கறவன் எப்படி நிக்கணும்னு அந்த ஒரு பக்கத்துல வரைஞ்சு காட்டிட்டாங்க

தினேஷ், 9:52
அப்பா ஆபீஸ்ல இருந்துதான் பாக்கறேன். இதானே முதல் டீம்? அவெஞ்சர்ஸ் எல்லாம் இதுக்கப்புறமா

சேகர், 10:03
இல்லடா. அவெஞ்சர்ஸ் 1963லயே வந்தாச்சு, டிசியோட ஜஸ்டிஸ் லீக் அதுக்கும் முன்ன 1960. ஆனா எல்லாத்துக்கும் மூத்தது ஜஸ்டிஸ் சொசைட்டி, 1940 குளிர்காலத்துல வந்த ஆல் ஸ்டார் காமிக்ஸ் 3வது இதழ், விலை 10 சென்ட். அதுல என்ன விசேஷம்னா யாரும் சேந்து சண்டையே போட மாட்டாங்க. வேகமா ஓடற ப்ளாஷ், மோதிரம் போட்ட கிரீன் லாண்டர்ன், ஹாக்மேன், டாக்டர் பேட்னு எட்டு பேரு ஒரு மேசைய சுத்தி உக்காந்து சாப்டுக்கிட்டே ஆளுக்கு ஒரு கதை சொல்வாங்க, அவ்ளோதான். ஒவ்வொருத்தர் கதையையும் அவங்கவங்க வழக்கமான ஓவியரே வரைஞ்சிருப்பாரு. ஜானி தண்டர்னு ஒருத்தன், அவன யாரும் கூப்பிடல, அவனா வந்து உக்காந்துடுவான். தனியா ஒரு புக்கு கெடச்சிட்டா சங்கத்துல இருந்து வெலகிடணும்னு அங்க ஒரு வழக்கம், புதுசா வர்றவனுக்கு எடம் விடணும்ல, அப்படி ப்ளாஷுக்கு தனி புக்கு வந்து அவரு கெளம்புனதும் அந்த காலி நாற்காலியில யார உக்கார வச்சாங்கன்னு நெனக்கிற, அந்த கூப்பிடாம வந்த ஜானி தண்டரத்தான்

முரளி, 10:05
நம்ம வீட்டு விசேஷத்துல சாப்பாட்டு பந்தி முடிஞ்சு திண்ணையில உக்காந்து பேசுவோமே அண்ணே, அப்படி இருக்கே

சேகர், 10:06
அதேதான் முரளி. எல்லாரும் ஒரு எடத்துல இருக்கறதே அப்ப பெரிய விஷயம். சூப்பர்மேனும் பேட்மேனும் வருஷக்கணக்கா ஒரே புக்கு அட்டையில சேந்து சிரிச்சுக்கிட்டு நிப்பாங்க, உள்ள பிரிச்சா அவரு கதை தனி இவரு கதை தனி. 1954ல பக்கத்த ஏறக்குறைய பாதியா கொறச்சாங்க, ரெண்டு பேருக்கும் தனித்தனியா எடம் பத்தல, அப்பத்தான் ஒரே கதையில போட்டாங்க

சேகர், 10:11
ஆனா அவங்க ரகசியம் அவங்களுக்குள்ள தெரிஞ்சது 1952ல, சூப்பர்மேன் 76வது இதழ். சாதா டிரெஸ்ல சூப்பர்மேன் பேரு கிளார்க் கென்ட், பேட்மேன் பேரு புரூஸ் வெய்ன். கப்பல்ல கூட்டம், இவங்க ரெண்டு பேருக்கும் ஒரே ரூம குடுத்துடுவாங்க. வெளிய தீ புடிக்கும், உடனே டிரெஸ் மாத்தணும், விளக்க அணைச்சிட்டு இருட்டுல ரெண்டு பேரும் ஆளுக்கொரு பக்கமா திரும்பி மாத்துவாங்க, கரெக்டா அந்த தீயோட வெளிச்சம் வட்ட ஜன்னல் வழியா உள்ள அடிக்கும் பாரு. இவரு அவர பாக்க அவரு இவர பாக்க. எனக்கு சண்டைய விட இந்த மாதிரி எடம்தான் உசுரு. தான் மட்டும்தான் இந்த பாரத்த தூக்கறோம்னு நெனச்சிட்டு இருந்தவன் பக்கத்துலயே இன்னொருத்தன பாக்கறான்

ராஜி, 10:20
அண்ணே பேப்பர்காரர் சீக்கிரமே வந்துட்டாரு. இரு

காவ்யா, 10:20
ஆயா போட்டுடாதீங்க

காவ்யா, 10:21
ஆயா ப்ளீஸ்

ராஜி, 10:29
போடல போடல. பழைய தினசரி மட்டும் போட்டேன். நிகில் ஆயா உன் பெட்டிய பத்திரமா வச்சிருக்கேன்யா. அதுல ஒரு புக்கு அட்டையில பெரிய நட்சத்திர மீனு, நடுவுல ஒத்தக் கண்ணு, பாக்கவே என்னமோ மாதிரி இருக்கு, இது என்ன பேயா

சேகர், 10:41
அது ஸ்டாரோ. ஜஸ்டிஸ் லீக்கோட முதல் கதை அதான் ராஜி, 1960ல பிரேவ் அண்ட் த போல்ட் 28வது இதழ்ல வந்துச்சு, நம்மகிட்ட இருக்கறது மறுபதிப்பு. இத கேட்டா நீயே சந்தோஷப்படுவ. வானத்துல இருந்து வந்த அந்த நட்சத்திர மீனு ஒரு ஊரு ஜனத்தையே மனச கட்டி வச்சிடும், அது சொன்னா நிப்பாங்க அது சொன்னா நடப்பாங்க. ஸ்னாப்பர் கார்னு ஒரு சின்னப் பையன் மட்டும் அதுக்கு கட்டுப்பட மாட்டான். ஏன்னு ப்ளாஷுக்கு புரியல. பாத்தா அவன் வீட்டு புல்தரையில போட சுண்ணாம்ப அள்ளிக்கிட்டு இருந்தவன், மேலெல்லாம் சுண்ணாம்பு. அது மேல பட்டிருந்ததால மீனோட சக்தி அவன அண்டல

ராஜி, 10:42
சுண்ணாம்பா

சேகர், 10:44
சுண்ணாம்பேதான். பறக்கறவரு இருக்காரு, மோதிரம் போட்டவரு இருக்காரு, வொண்டர் வுமன் இருக்கா, செவ்வாய் கிரகத்துக்காரரு இருக்காரு, கடைசில அந்த மீன அடக்குனது வீட்டு வேல பாத்துக்கிட்டிருந்த பையன் மேல ஒட்டுன சுண்ணாம்பு. அந்த பையன அவங்க சங்கத்துல கௌரவ உறுப்பினரா சேத்துக்கிட்டாங்க. எழுதுனவரு கார்ட்னர் பாக்ஸ், இருபது வருஷம் முன்ன அந்த சாப்பாட்டு மேசை கதைய எழுதுனதும் இவருதான். அவரு கதையில கூட்டத்துல கடைசி ஆளுக்கும் ஒரு வேல வச்சிருப்பாரு, அதனாலதான் எனக்கு அவர ரொம்ப புடிக்கும்

தினேஷ், 10:50
இது எல்லாம் எங்க வாங்குனீங்க அப்பா? நீங்க சொன்னதே இல்லயே

சேகர், 10:58
எல்லாம் மெட்ராஸ் மூர் மார்க்கெட்ல. தாத்தா ஆபீஸ் வேலையா மெட்ராஸ் போறப்ப என்னையும் கூட்டிட்டுப் போவாரு, பழைய புக்கு கடையில தரையில குமிச்சு வச்சிருப்பான், நான் குந்திக்கிட்டு ஒண்ணொண்ணா பொரட்டுவேன், அவரு அவசரப்படுத்தவே மாட்டாரு, கைப்பைய ரெண்டு கையிலயும் புடிச்சுக்கிட்டு ஓரமா நிப்பாரு

ராஜி, 11:06
அண்ணே அந்த பெரிய புக்க இப்பத்தான் தொறந்தேன். உள் அட்டையில அப்பா எழுத்து. நீல மையில. சேகருக்கு, கணக்கில் 72 வாங்கியதற்குன்னு எழுதி கீழ கையெழுத்து போட்டிருக்காரு

ராஜி, 11:07
தேதி அழிஞ்சிருக்கு. கையெழுத்து நல்லா தெரியுது

சேகர், 11:15
போட்டோ எடுத்து போடு ராஜி

முரளி, 11:19
அப்பாவோட அந்த வளச்சு போடற ச வ பாத்து எத்தன வருஷமாச்சு

ராஜி, மதியம் 3:32
அண்ணே சாப்டுட்டு சும்மா ஒண்ண எடுத்தேன், ரெண்டு செவப்பு சட்டக்காரங்க ரெண்டு பக்கத்துல இருந்து ஓடி வர்றாங்க, நடுவுல சுவரு, ஒரு ஆளு மேல இரும்பு உத்தரம் விழப்போவுது. ஒருத்தன் தலையில தகர தொப்பி, அதுல ரெக்க. யாரு இவங்க

சேகர், 3:45
ரெண்டு பேருமே ப்ளாஷ். 1961, ப்ளாஷ் 123வது இதழோட கதை. தொப்பி போட்டவரு ஜே காரிக், நாப்பதுகள்ல இருந்த மூத்த ப்ளாஷ், அவர் புக்கு நின்னு பத்து வருஷம் ஆயிடுச்சு. இன்னொருத்தன் பாரி ஆலன், புதுசு. இந்த பாரி சின்ன வயசுல ஜே காரிக் காமிக்ஸ படிச்சு வளந்தவன், அவனுக்கு அது வெறும் கதைதான். ஒரு நாளு அனாத குழந்தைங்களுக்காக நம்மூர் கயிறு வித்தை மாதிரி செஞ்சு காட்டுவான், உடம்ப வேகமா அதிர வச்சு, அதுல தவறிப்போய் இன்னொரு பூமியில போய் எறங்கிடுவான். ஒரே எடத்துல ரெண்டு பூமி, அதிர்ற வேகம்தான் வேற, அதனால ஒண்ணுக்கொண்ணு தெரியாது. ஊரு பேர பாத்ததும், இது அந்த காமிக்ஸ்ல வர்ற ஊராச்சேன்னு அவனுக்கு பொறி தட்டும், நேரா ஜே காரிக் வீட்ட தேடிப் போய் கதவ தட்டுவான்

ராஜி, 3:47
அதான் பாத்தேன், தொறக்கறவருக்கு காதோரம் நரச்சிருக்கு

சேகர், 3:48
ஆமா கல்யாணம் ஆகி ஓய்வுல இருக்காரு. தான் கதையில படிச்ச ஆளு நெஜமா முன்னாடி நிக்கறாரு, நீங்க எனக்கு சின்ன வயசு ஹீரோன்னு இவன் சொல்றான். ராஜி அந்த ரெண்டு பக்கத்த மெதுவா படி

ராஜி, 4:20
படிச்சேன். மூணு திருடனுங்கள புடிச்சிட்டாங்க. ஆனா கடைசி பக்கம் இல்லண்ணே, கிழிஞ்சு போயிருக்கு. என்னாச்சு

காவ்யா, 4:21
தாத்தா எனக்கும் சொல்லுங்க

சேகர், 4:29
பெரியவரு ஓய்வு போதும், திரும்பவும் தொப்பிய மாட்டப் போறேன்னு சொல்லிடுவாரு. பாரி தன் பூமிக்கு திரும்பி வந்துட்டு, ஜே காரிக் கதைய எழுதுன கார்ட்னர் பாக்ஸ தேடிப் போய் நடந்தத எல்லாம் சொல்லணும்பான். அவரு நெஜ ஆளு ராஜி, நாப்பதுல ஜே காரிக்க எழுதுனதும் அவருதான், இந்த கதைய எழுதுனதும் அவருதான். கதையில வர்றவன் கதை எழுதுனவர பாக்க கெளம்பிப் போறான். அதோட முடிஞ்சிடும்

ராஜி, 4:36
நல்லா இருக்குண்ணே. பெட்டிய அப்பா ரூம்ல ஸ்டூல் மேல வச்சிருக்கேன், வேப்பில போட்டிருக்கேன். மோதிரக்காரன் புக்குல மட்டும் நாலு பக்கம் ஈரத்துல ஒட்டிக்கிட்டிருக்கு, ஆவி காட்டி பிரிச்சுப் பாக்கவா

சேகர், 4:36
காட்டாத காட்டாத. ஞாயித்துக்கிழமை நானே வர்றேன்

காவ்யா, 4:37
அம்மா நாங்களும்