1.5-ஆ, 1.05-ஆ? மீட்டரில் அளவு கொடுத்து மாட்டிக்கொண்டவர்கள் வாருங்கள்

வேளச்சேரிவாசி:
போன மாதம் ஹால் ஜன்னலுக்குக் கொசுவலை போடக் கொடுத்தோம். அளவெடுத்தது நான்தான். அகலம் ஒரு மீட்டர் தாண்டி ஐந்தாவது கோடு. சீட்டில் 1.5 என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். நாலு நாள் கழித்து ஃபிரேமைத் தூக்கிக்கொண்டு வந்து ஜன்னலில் வைத்தால், ஒரு முழம் சுவர் மேல் நிற்கிறது! 45 செ.மீ. அதிகம். "நீங்க எழுதினதுதான் மேடம்" என்று சீட்டை நீட்டினார். நான் என்ன பேச?

எல்லாம் அடிக்கணக்குப் பழக்கம். 5 அடி 6 அங்குலத்தை 5.6 என்றுதானே எழுதுகிறோம். அதில் 5.9-க்கு அடுத்தது 5.10. பள்ளிக்கூடக் கணக்கில் 5.10 என்றால் 5.1தான், 5.9-ஐ விடச் சின்னது. அந்தப் புள்ளியை அப்படியே மீட்டருக்குக் கொண்டுவந்ததுதான் வம்பு. ஒரு மீட்டர் 5 செ.மீ. என்றால் 1.05.

அம்பத்தூர் ஃபிட்டர்:
1050 என்று மி.மீ.யில் கொடுத்திருந்தால் புள்ளியே தேவைப்பட்டிருக்காது. எங்கள் ட்ராயிங் எல்லாம் மி.மீ.தான். ஓரத்தில் ஒரு தடவை குறிப்பு இருக்கும், அப்புறம் வெறும் எண்கள். சென்டிமீட்டர் பள்ளிக்கூட ஸ்கேலோடு போயிற்று. இது தெரியாமல் அப்ரண்டிஸாகச் சேர்ந்த புதிதில் ஸ்டோரில் போய் 12 சென்டிமீட்டர் ராடு கேட்டேன். கேட்க வேண்டியது விரல் தடிமன். "எதுக்குப்பா, பந்தக்கால் நடவா?" என்றார் ஸ்டோர்க்காரர். ரிட்டையர் ஆகும் வரை என்னைப் பந்தக்கால் என்றுதான் கூப்பிட்டார்.

தாம்பரம் மழை:
எங்கள் அபார்ட்மென்ட் குரூப்பில் ஒருவர் செயலியைப் பார்த்து "நாளைக்கு 70 மழை" என்று போட்டார், அலகில்லாமல். டிவி செய்தியில் செ.மீ. கேட்டுப் பழகியவர்கள் நாங்கள். 2015 டிசம்பரில் இங்கே ஒரே நாளில் கொட்டியது 49 செ.மீ. அப்படியிருக்க 70 என்றால்? தரைத்தளத்து வீட்டில் ராத்திரியே ஃபிரிட்ஜைச் செங்கல் மேல் ஏற்றிவிட்டார்கள். அவர் சொன்னது 70 மி.மீ., அதாவது 7 செ.மீ.

அதுவும் லேசான மழையில்லை, சொல்லிவிடுகிறேன். ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. பெய்தால் ஒரு லிட்டர். ஆயிரம் சதுர அடி மொட்டைமாடி சுமார் 93 சதுர மீட்டர். 7 செ.மீ.க்கு 6,500 லிட்டர், ஒரு தண்ணீர் லாரி அளவு. எங்கள் மாடியில் அத்தனையும் சாக்கடைக்குத்தான் போகிறது, அது தனிக்கதை.

வேளச்சேரிவாசி:
ஃபிட்டர் அண்ணா, உங்கள் பேச்சைக் கேட்டு மிச்ச வலையைப் பாத்ரூம் வென்டிலேட்டருக்கு 450 × 400 என்று எழுதிக் கொடுத்தேன். இப்போதுதான் போன் வந்தது: "மேடம், இது இன்ச்சா?"