பழைய ஸ்க்ரூ ஸ்பேனர்: யார் தயாரிப்பு, எந்தப் பேட்டன்ட்?

கோட்டையூர்க்காரன்

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் ஒரு பழைய சாமான் கடையில் எடுத்த ஸ்க்ரூ ஸ்பேனர். நீளம் 10 அங்குலம். கைப்பிடியின் ஒரு பக்கம் தேய்ந்த ஆங்கில எழுத்துகள்: முதல் வரியின் முடிவில் "ஓ, ஆர், டி, ஹெச் & கோ", அடுத்த வரியின் முடிவில் "ஹெச், ஓ, எல், எம்". மறுபக்கம் "பேட்டன்ட்" என்று மட்டும் இருக்கிறது. எண்ணும் இல்லை, தேதியும் இல்லை. கைப்பிடி நுனியில் புள்ளி புள்ளியாக மூன்று எழுத்து. தலைக்கு அருகில் 4 என்ற எண் புடைத்து நிற்கிறது.

அந்த மூன்றெழுத்துதான் கம்பெனி, இங்கிலாந்து சரக்கு என்கிறார் கடைக்காரர். சரிதானா? கிரைண்டரில் வயர் பிரஷ் போட்டால் மீதி எழுத்து தெரியுமா? தாடையை நகர்த்தும் உருளையும் இறுகிக் கிடக்கிறது.

பள்ளத்தூர் லேத்

வயர் பிரஷ் பக்கமே போகாதீர்கள். முத்திரையின் ஆழம் ஏற்கெனவே துருவில் பாதி போயிருக்கும். மிச்சமிருக்கும் விளிம்பையும் பிரஷ் மழுங்கடித்துவிட்டால் "ஓ"வும் "சி"யும் ஒன்றாகிவிடும். கடைகளில் பளபளவென்று தொங்கும் சாமான்களில் பாதிக்கு அடையாளம் தெரியாமல் போவது இதனால்தான்.

ஒரு நாள் முழுக்க மண்ணெண்ணெயில் ஊறட்டும். பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்து, எழுத்துக் குழிக்குள் இருக்கும் கசடை மூங்கில் குச்சியால் எடுங்கள், ஊசி கீறிவிடும். நன்றாகக் காய்ந்ததும் சாக்பீஸைப் படுக்கவைத்துத் தேய்த்து, மேற்பரப்பை மட்டும் துணியால் துடைத்தால் குழிக்குள் வெள்ளை நிற்கும். இருட்டு அறையில் டார்ச்சை இரும்போடு ஒட்டினாற்போல் சாய்த்துப் பிடித்து நாலு திசையிலிருந்தும் படம் எடுங்கள். ஒரு திசையில் தெரியாத கோடு இன்னொன்றில் தெரியும்.

புள்ளி எழுத்து கம்பெனியே இல்லை. கல்யாணச் சீர்ப் பாத்திரத்தில் பெயர் வெட்டுவதுபோல உளியால் தட்டியது, வீட்டு விலாசம், அதாவது குடும்பத்தின் பெயரெழுத்து. செட்டிநாட்டு வீடுகளில் அண்டா முதல் கரண்டி வரை விலாசம் போட்டுத்தான் வைப்பார்கள், ஸ்பேனரும் தப்பவில்லை. புடைத்த 4 பெரும்பாலும் அடிக்கும் அச்சின் எண், அளவு இல்லை. தயாரிப்பாளர், விற்றவர், உடையவர், அச்சு எண் என்று முத்திரைகளை முதலில் பிரித்துக்கொண்டு அப்புறம் தேடுங்கள்.

இரும்புப்பெட்டி

உங்கள் இரண்டு வரியும் போதும். "ஓ, ஆர், டி, ஹெச்"சுக்கு முன்னால் "ஹெச், ஜே" சேருங்கள்: பி.ஏ. யோர்த் அண்ட் கோ, ஸ்டாக்ஹோம். இங்கிலாந்து இல்லை, சுவீடன். பழைய பிரைமஸ் அடுப்பு வீட்டில் இருந்தால் டேங்க்கைப் பாருங்கள், பலவற்றில் இதே பெயர் இருக்கும். அடுப்பையும் உலகெங்கும் விற்றவர்கள் இவர்களே.

ஆனால் யோர்த் விற்றவர். செய்தவர் யோஹன் பெட்டர் யோஹான்சன். என்ஷேப்பிங் ஊரில் பட்டறை வைத்திருந்தார். 1888இல் பைப் ரிஞ்சுக்கும் 1892இல் இந்த வகை ஸ்பேனருக்கும் பேட்டன்ட் வாங்கினார். 1916இல் பட்டறை யோர்த் கைக்குப் போனது. அந்தக் கம்பெனிப் பெயரின் முதலெழுத்துகளே பாஹ்கோ என்ற பிராண்ட். சாக்பீஸ் போட்டபின் ஈ, என், கே, பிறகு மேலே இரண்டு புள்ளியுள்ள ஓ என்று ஏதாவது வரி தெரிகிறதா பாருங்கள். அது பட்டறையின் ஊர்.

மீனும் தூண்டிலும் சேர்ந்த சின்னம் இருந்தால் ஆசையை விட்டுவிடுங்கள். அது சாண்ட்விக் என்ற கம்பெனியின் சின்னம். பாஹ்கோவை அவர்கள் வாங்கியது 1991இல், அதனால் அது புதுச் சரக்கு.

கோட்டையூர்க்காரன்

ஊரின் முதல் மூன்று எழுத்தும் இரண்டு புள்ளியும் தெரிகின்றன! மீன் இல்லை. அப்படியானால் 1892 என்று எழுதிவைக்கலாமா?

தேவகோட்டை டூல்ஸ்

கூடாதுங்க. பேட்டன்ட் ஆண்டு வேறு, அந்த ஸ்பேனர் அடித்த ஆண்டு வேறு. பேட்டன்ட் தரும் ஆண்டு கீழ் எல்லைதான். "1892க்குப் பின், யோர்த் விற்பனை" என்று எழுதினால் யாரும் குறை சொல்ல முடியாது. திருகித் தாடை நகரும் ஸ்பேனரையே யோஹான்சன்தான் முதலில் கண்டுபிடித்தார் என்றும் எழுதாதீர்கள். இங்கிலாந்தில் கிளைபர்ன் 1840களிலேயே செய்துவிட்டார். யோஹான்சனுடையது மேம்பட்ட வடிவம்.

உங்கள் ஸ்பேனரில் எண் இல்லாததால் பேட்டன்ட் தேடல் இதோடு சரி. இந்தத் தெருவில் அமெரிக்க, பிரிட்டிஷ் சரக்கும் கிடைப்பதால் மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்.

அமெரிக்கச் சரக்கில் 1927க்கு முன் பேட்டன்ட் தேதிதான் இருக்கும், பிறகு எண். அங்கே பேட்டன்ட் வெளியாவது செவ்வாய்க்கிழமையில். தேய்ந்த தேதியைப் படிக்க இது பெரிய உதவி. பில்லிங்ஸ் அண்ட் ஸ்பென்சர் ஸ்பேனரில் 1879 பிப்ரவரி 13ஆ 18ஆ என்று குழம்பினால் காலண்டரைப் பாருங்கள்: 13 வியாழன், 18 செவ்வாய். விடை 18. இரண்டு மூன்று தேதி இருந்தால் கடைசித் தேதிக்குப் பிந்தைய சரக்கு. எண் இருந்தால் 10 லட்சம் 1911, 20 லட்சம் 1935 என்று மனதில் வைத்தால் கூகுள் பேட்டன்ட்ஸில் தேடும் முன்பே காலம் பிடிபடும். பெயர் போட்டுத் தேடினால் அந்தக் காலத்து ஸ்கேன்கள் சரியாகச் சிக்காது. எண்ணை மட்டும் போடுங்கள். தேதி மட்டும் இருந்தால், பழைய கருவிகளின் பேட்டன்ட்களைத் தொகுத்திருக்கும் டேட்டாம்ப் தளத்தில் தேடுங்கள்.

பிரிட்டிஷ் எண்தான் ஏமாற்றும். 1916க்கு முன் ஒவ்வொரு ஆண்டும் 1இலிருந்து எண் போட்டார்கள், ஆண்டு தெரியாமல் எண் மட்டும் பயன்படாது. 1916இலிருந்து 1,00,001இல் தொடங்கி வரிசையாகப் போகிறது. "ஆர்.டி. நம்பர்" என்றிருந்தால் அது பேட்டன்டே அல்ல, வடிவப் பதிவு.

பள்ளத்தூர் லேத்

உருளைக்கு வருவோம். சுத்தியலால் தட்டாதீர்கள். உருளைக்கு நடுவே போகும் ஊசியின் ஒரு தலையில் ஸ்க்ரூடிரைவர் பள்ளம் இருக்கும், துரு அடைத்திருப்பதால் தெரியாது. அதைச் சுரண்டி, பள்ளத்துக்குச் சரியாக உட்காரும் அகலத்துக்கு ஸ்க்ரூடிரைவரைத் தேய்த்துக்கொள்ளுங்கள்; சின்னது போட்டால் பள்ளம் பிய்ந்துவிடும். ஒரு பக்கம் திரும்பவில்லை என்றால் மறுபக்கம் திருப்பிப் பாருங்கள், சில கம்பெனிகள் இடது மரை போட்டிருக்கின்றன. உள்ளே ஸ்பிரிங் இருந்தால் தெறிக்கும், துணி போர்த்திக்கொண்டு எடுங்கள்.

அசையவே இல்லையா? மின்சாரத்தால் துருவை எடுக்கலாம். 1 லிட்டர் தண்ணீருக்கு 1 மேசைக்கரண்டி சலவை சோடா கலந்து ஸ்பேனரை அதில் மூழ்கவையுங்கள். உப்பு வேண்டாம். 12 வோல்ட் சார்ஜரின் நெகட்டிவ் ஸ்பேனரில், பாசிட்டிவ் அதே தண்ணீரில் வைத்த ஒரு துண்டு கட்டடக் கம்பியில். மாற்றிக் கொடுத்தால் ஸ்பேனர்தான் கரையும். கம்பிக்குப் பதில் எவர்சில்வர் போட்டால் குரோமியம் விஷம் தண்ணீரில் இறங்கும். ஹைட்ரஜன் வாயு வரும், வெளி முற்றத்தில் வையுங்கள். புது ஆட்டோமேட்டிக் சார்ஜர் பேட்டரி இல்லாமல் மின்சாரம் விடாது. பழைய வகை தேடுங்கள். ராத்திரி முழுக்கப் போதும், எடுத்த உடனே கழுவி, வெயிலில் காயவைத்து, எண்ணெய் பூசுங்கள். கால் மணி நேரம் விட்டாலே மறுபடி செம்மண் நிறம் ஏறிவிடும்.