சுணையில்லா இலை, ரோஜா நிறப் பூ: வெள்ளிக்கிழமைக்குள் ஒரு பெயர் வேண்டும்

திங்கள். ராலே, வட கரோலினா

அனைவருக்கும் வணக்கம்.

எங்கள் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்குப் பின்னால் நாலடிப் பாத்தி ஒன்றைப் பிள்ளைகளுக்கு விட்டிருக்கிறார்கள். இந்த மண்ணுக்குரிய செடியாக இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. பிள்ளைகள் ரோஜா நிறத்தில் பூக்கும் ஹைட்ராஞ்சியாவுக்குக் கை தூக்கிவிட்டார்கள். ஊட்டியில் பார்க்கும் நீலப் பூச்செடி இல்லை இது. அமெரிக்காவின் கிழக்குப் பகுதிக் காடுகளில் தானாக வளரும் ஹைட்ராஞ்சியா ஆர்போரெசென்ஸ். இலை வழவழப்பாக இருப்பதால் இங்கே அதையே அடைமொழியாக வைத்து அழைக்கிறார்கள். காட்டு ஹைட்ராஞ்சியா என்றும் சொல்வதுண்டு.

பாத்தியில் இருமொழிப் பலகை வைக்கிறோம். வெள்ளி மாலை அச்சுக்குப் போகிறது. செடிக்குப் பெயர், 'பிங்க்' நிறத்துக்கு ஒரு சொல், விதை பிடிக்காத பூவுக்கு ஒரு சொல், ஆக மூன்று சொற்கள் வேண்டும். எந்த ரகத்தை வாங்குவது என்றும் யாராவது சொன்னால் புண்ணியம். ஒன்பது வயதுப் பிள்ளை வாய்விட்டுப் படிக்கும்படி இருக்கட்டும்.

– ச.

திங்கள். கோவை

அன்புள்ள ச. அம்மா,

நாற்பது வருடம் தாவரவியல் நடத்தியவன் என்பதால் வேரிலிருந்தே தொடங்குகிறேன். 1739-இல் வெளியான வர்ஜீனியத் தாவர நூலில் டச்சுத் தாவரவியலாளர் கிரோனோவியஸ் வைத்த பெயர் ஹைட்ராஞ்சியா. கிரேக்கத்தில் நீர், கலம் என்ற இரண்டு சொற்களின் கூட்டு. காய்ந்த விதைக்காய் சின்னஞ்சிறு தண்ணீர்க் குடம் போலவே இருக்கும். அவர் பெயர் வைத்தது உங்கள் ஆர்போரெசென்ஸ் செடிக்குத்தான். ஜப்பானிலிருந்து வந்த பெரிய இலைச் செடி, அதாவது நீங்கள் சொன்ன ஊட்டிச் செடி, அந்தப் பெயருக்குள் பின்னால் வந்து சேர்ந்தது. ஆகவே 'நீர்க்குடப்பூ' எனலாம்.

இன்னொன்று. பளிச்சென்று தெரியும் அந்த நிறம் அல்லி இதழில் இல்லை, புல்லி இதழில் இருக்கிறது. பலகையில் 'இதழ்' என்று மொட்டையாக எழுதிவிடாதீர்கள்.

– தா.

செவ்வாய். சென்னை

தா. ஐயா, பொருள் சரி. ஆனால் நான் பிரசவ வார்டில் வேலை பார்த்தவள். எங்கள் பக்கம் தண்ணீர்க் குடம் உடைந்தது என்றால் அடுத்த நிமிடம் ஆட்டோ தேடுவார்கள். பலகையைப் படிக்கும் பாட்டிமார்களுக்கும் அதுதான் முதலில் தோன்றும். வேறு கலம் கிடைக்காதா?

– மீ.

செவ்வாய். மதுரை

கலத்துக்கா பஞ்சம்? குடம், குடுவை, சாடி, கெண்டி, கரகம். குடவு, குடங்கை, குடை எல்லாம் வளைவைக் குறிக்கும் ஒரே வேரில் கிளைத்தவை. அந்த வேரை விட மனமில்லைதான், ஆனால் மீ. அம்மா சொல்வது ஞாயம். கெண்டிக்கு மூக்கு உண்டு, இந்தக் காய்க்கு மூக்கு இல்லை. கரகம் பொருந்துகிறது. தொல்காப்பிய மரபியலிலேயே 'நூலே கரகம் முக்கோல் மணையே' என்று நீர்க்கலமாக வருகிறது. நீரைக் கரந்து வைப்பதால் கரகம் என்பது என் துணிபு.

அப்புறம் ஊரில் மாரியம்மன் கோயிலுக்கு எடுக்கும் பூங்கரகத்தை நினைத்துப் பாருங்கள். கீழே நீர்க்கலம், மேலே உருண்டு திரண்ட பூ. இந்தச் செடியின் பூத்தலையும் அப்படியேதான் இருக்கிறது. காயைப் பார்த்தாலும் கரகம், பூவைப் பார்த்தாலும் கரகம். என் முன்மொழிவு 'பூங்கரகம்'.

இலைக்கு 'மழவிலை'. மழவும் குழவும் இளமைப் பொருள. இளந்தளிருக்குரிய மழமழப்பு முற்றிய இலையிலும் நிற்பதால் அது மழவிலை. முழுப்பெயர் 'மழவிலைப் பூங்கரகம்'. 'ரகம்' என்ற அயற்சொல்லையும் விட்டுவிட்டு 'வளர்ப்பினம்' என்று எழுதுங்கள்.

– இளங்.

செவ்வாய். தஞ்சாவூர்

கரகம் வடமொழியிலும் நீர்க்கலம்தான். யார் யாரிடம் வாங்கினார்கள் என்ற வழக்கை வெள்ளிக்கிழமைக்குப் பிறகு வைத்துக்கொள்வோம். ரகத்தில் மட்டும் கை வைக்காதீர்கள். ஆடுதுறை 36 நெல் ரகம் என்றுதான் நாங்கள் விதை வாங்குகிறோம். வளர்ப்பினம் என்றால் ஆடு மாடு ஞாபகம் வருகிறது. இலைக்கு மழ என்று சுற்றுவானேன்? மூங்கிலுக்கும் புல்லுக்கும் சுணை, அதாவது மேலே பொடி மயிர், உண்டு என்கிறோம். இதற்குச் சுணை இல்லை. 'சுணையிலா' என்று எழுதலாமே.

– வே.

செவ்வாய். மதுரை

சுணை கெட்டவன் என்று ஒருவனைத் திட்டுவது வே. அவர்களுக்குத் தெரியாததல்ல. பிள்ளைகள் வளர்க்கும் செடிக்கு அந்தச் சொல் வேண்டாம்.

– இளங்.

புதன். டொராண்டோ

வணக்கம். சொல்லைப் பற்றிக் கதைக்க எனக்குப் பெரிதாகத் தெரியாது. செடியை வளர்க்கிறேன், அதைச் சொல்கிறேன்.

இந்த இனத்தில் முன்பு எல்லாரும் வைத்தது வெள்ளைதான். 1910-இல் இலினாய் மாநிலத்து அன்னா என்ற ஊருக்குப் பக்கத்தில் கண்டெடுத்த 'அன்னபெல்' அது. றோஸ் நிறத்தில் பெரிய உருண்டைப் பூவோடு முதலில் வந்தது 'இன்வின்சிபெல் ஸ்பிரிட்'. ச. அம்மாவின் மாநிலத்திலேயே, வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தில் தாமஸ் ரானி உருவாக்கியது. என்னிடம் இருப்பது அதுதான். மொட்டு கடும் றோஸாக இருக்கும், விரிந்ததும் தெளிந்த றோஸ், பிறகு மெல்லப் பச்சைக்குப் போகும். ஒரே கொத்தில் மூன்று நிறத்தையும் ஒன்றாகப் பார்க்கலாம். குறை என்றால் தண்டுதான். ஒரு பெருமழைக்குப் பிறகு காலையில் போய்ப் பார்த்தால் தலை எல்லாம் மண்ணில் கிடக்கும். நிமிர்த்தி உதறிவிட வேண்டும்.

ஆகவே நீங்கள் அதன் திருத்திய வடிவமான 'ஸ்பிரிட் 2' வாங்குங்கள். தண்டு உறுதி, நாலடிக்குள் நிற்கும். அதே இன்வின்சிபெல் வரிசையில் 'ரூபி' அழகுதான், ஆனால் மொட்டு நல்ல சிவப்பு. 'மினி மாவெட்' மூன்றடிக்குள் அடங்கும், ஊதா கலந்த றோஸ். பிள்ளைகள் கேட்டது தெளிந்த றோஸ் என்றால் ஸ்பிரிட் 2-தான்.

காலை வெயில் படட்டும், பின்னேரம் நிழல் வேண்டும். உங்கள் ஊர் ஆடி வெயிலில் நிறம் வெளிறிவிடும். குளிர்காலம் முடியும்போது வெட்டிவிடலாம், புதுக்கிளையில்தான் பூக்கும். போன குளிரில் என் செடியின் தடி எல்லாம் பட்டுப்போனது. ஆனாலும் அடியிலிருந்து துளிர்த்து ஜூலையில் பூத்தது. பக்கத்தில் இருந்த பெரிய இலைச் செடியில் அந்த வருடம் வெறும் இலைதான்.

'இளஞ்சிவப்பு' என்று பாடப்புத்தகத்தில் இருந்தாலும் எங்கள் வீட்டில் ஒருவரும் சொல்வதில்லை. றோஸ் என்றால் குழந்தைக்கும் விளங்கும்.

– கௌ.

புதன். குன்னூர்

கௌ. அக்கா, ஒரு சந்தேகம். எங்கள் ஊரில் மண் புளிப்பானால் ஹைட்ராஞ்சியா நீலமாகும், சுண்ணாம்பு போட்டால் ரோஜா நிறத்துக்கு வரும். வெள்ளை அன்னபெல்லுக்குச் சுண்ணாம்பு போட்டால் போதாதா?

– ஜெ.

புதன். கோவை

போதாது தம்பி. புளிப்பு மண்ணில் கரையும் அலுமினியத்தை எடுத்து நீலமாவது பெரிய இலை இனம். ஆர்போரெசென்ஸுக்கு மண்ணால் நிறம் மாறாது. ரகத்தில் இருக்கும் நிறம்தான் கிடைக்கும். ச. அம்மா, இதைப் பலகையிலேயே ஒரு வரி போடுங்கள். இல்லையென்றால் யாராவது ஒரு அப்பா சுண்ணாம்பு டப்பாவோடு வந்து நிற்பார்.

விதை பிடிக்காத பூவுக்கு 'மலட்டுப்பூ' என்பது பாடநூல் வழக்கு.

– தா.

வியாழன். சென்னை

ஐயா, அந்தச் சொல்லை மட்டும் எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அதைக் கேட்டுக் கேட்டு அழுத பெண்களின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். பூவைச் சொன்னாலும் சொல் அதேதான்.

– மீ.

வியாழன். மதுரை

மீ. அம்மாவோடு உடன்படுகிறேன். காய்க்காத பூ என்பதால் 'காயாப்பூ' எனலாம். இளங்காய், காயா... எழுதும்போதே தெரிகிறது, இது முல்லைநிலத்துக் காயாம்பூவில் போய் முட்டும். காயாம்பூ வண்ணன் என்றால் கருநீலம், நமக்கு வேண்டியது ரோஜா நிறம். சரி, திரும்பப் பெறுகிறேன். பூங்கொத்தைக் குறிக்கவாவது 'மஞ்சரி' வேண்டாம், 'இணர்' இருக்கட்டும். குறளில் 'இணரூழ்த்தும் நாறா மலர்' என்று வருகிறதே. கொத்தாக விரிந்தும் மணக்காத மலர்.

– இளங்.

வியாழன். டொராண்டோ

இது அவ்வளவு மோசமில்லை, கிட்டப் போனால் மெல்லிய மணம் உண்டு. 'காட்சிப்பூ' என்று எழுதலாமே? வண்டுகளை அழைக்கக் காட்டி நிற்கிற பூ. கொத்தை விலக்கிப் பார்த்தால் அடியில் பொடிப்பொடியாக விதைப்பூக்கள் இருக்கும், அதில்தான் தேனீ உட்காரும். பிள்ளைகளுக்கு அதைக் காட்டுங்கள்.

– கௌ.

வெள்ளி. ராலே

அனைவருக்கும் நன்றி. இரண்டு மணிக்குள் அனுப்பியாக வேண்டும் என்பதால் முடித்துக்கொள்கிறேன். ஸ்பிரிட் 2-க்குச் சொல்லிவிட்டேன். பெரும்பாலோர் ஏற்றதை வைத்துப் பலகை இப்படிப் போகிறது:

'காட்டுப் பூங்கரகம் (ஹைட்ராஞ்சியா). ரகம்: இன்வின்சிபெல் ஸ்பிரிட் 2. ரோஜா நிறக் காட்சிப்பூக்கள் கொத்தாக மலரும். மண்ணை மாற்றினாலும் நிறம் மாறாது. எந்தப் பகுதியையும் தின்னக் கூடாது.'

பூங்கரகம் என்று சொல்லிக்கொடுத்ததும் ஒரு பையன் உடனே இரண்டு கையையும் தலைக்கு மேல் வைத்து ஆடிக் காட்டினான். நிறத்துக்கு றோஸும் இல்லாமல் இளஞ்சிவப்பும் இல்லாமல் ரோஜா நிறம் என்று வைத்தேன். இரு தரப்பும் பொறுத்தருள வேண்டும்.

– ச.

வெள்ளி. மதுரை

பலகை போகட்டும், நான் குறுக்கே நிற்கவில்லை. ஆனால் 'காட்டு' என்ற அடைமொழியை என்னால் ஏற்க முடியாது. தா. ஐயாவிடம் தனியே கேட்டேன். அதே கரோலினா மலைகளில் இலையின் அடிப்புறம் வெள்ளை வெளேரென்று சுணை அடர்ந்த நெருங்கிய உறவுச்செடி ஒன்றும் காட்டில்தான் வளர்கிறதாம். இரண்டும் காட்டுச்செடி என்றால் பிள்ளை எதைக்கொண்டு பிரித்தறியும்? இலையைத் திருப்பித் தடவிப் பார்க்கச் சொல்லும் சொல் ஒன்று வேண்டும், அது மழவிலை. அடுத்த அச்சில் பார்ப்போம்.

– இளங்.

வெள்ளி. தஞ்சாவூர்

அப்படியானால் சுணையிலா என்பதே சரி என்றாகிறது. இளங். ஐயாவே சுணை என்றுதான் எழுதியிருக்கிறார்.

– வே.