முன்பணம் கட்டிய ஸ்போர்ட்ஸ் கார் தள்ளிக்கொண்டே போகிறது: காத்திருப்பதா, விலகுவதா?

கேள்வி (கும்பகோணம்)

அனைவருக்கும் வணக்கம். வெளிநாட்டில் தயாராகி முழு வண்டியாக இறக்குமதியாகும் இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றுக்கு, அறிவிப்பு வந்த சூட்டோடு சென்னை ஷோரூம் ஒன்றில் முன்பணம் கட்டினேன். மேட்டூர் அணை திறப்பதற்குள் வந்துவிடும் என்றார்கள். குறுவை அறுவடை முடிந்து சம்பா நடவும் ஆகிவிட்ட நிலையில், இப்போது பொங்கலுக்குப் பிறகு என்கிறார்கள். எப்போது கேட்டாலும் ‘ஹோமோலோகேஷன் (வண்டி நம் நாட்டு விதிகளுக்கு உட்பட்டதா என்று சோதித்துச் சான்று பெறுவது) நடக்கிறது’ என்பதே பதில். பொறுமை போய்விட்டது, அந்த வண்டியின் காணொளிகளைப் பார்த்தாலே ஆத்திரம் வருகிறது. மேலும் காத்திருப்பதில் பொருள் உண்டா?

மறுமொழி 1 (தஞ்சாவூர்)

தாமதம் எல்லாமே ஏமாற்று அல்ல, ஐயா. மெர்சிடிஸ்-ஏஎம்ஜி ஒன் என்ற கார் 2017இல் பிராங்க்ஃபர்ட்டில் காட்டப்பட்டது. முதல் வண்டி வாடிக்கையாளர் கைக்குப் போனது 2023இல்தான். ஃபார்முலா ஒன் பந்தய எஞ்சினைச் சாலைக்குக் கொண்டுவரும்போது, வண்டி நிற்கும்போதே நிமிடத்துக்கு 5,000 சுற்றில் ஓடும் (ஐட்லிங்) ஒன்றை 1,200 சுற்று அளவுக்கு இறக்கி, அப்போதும் அணைந்துவிடாமலும் புகை விதிகளுக்கு உட்பட்டும் ஓட வைக்க வேண்டியிருந்தது. பணத்தைக் கொட்டினாலும் அவசரப்படுத்த முடியாத வேலை அது. ஹோண்டாவின் என்எஸ்எக்ஸ் ஸ்போர்ட்ஸ் கார் கதையும் ஏறக்குறைய இதுவே: குறுக்காக வைத்த எஞ்சினை நீளவாக்கில் திருப்பி, இரட்டை டர்போ (காற்றை அழுத்தி உள்ளே செலுத்தி எஞ்சின் சக்தியைக் கூட்டும் கருவி) சேர்க்க முடிவெடுத்ததால், வண்டியையே பெருமளவு மறுவடிவமைக்க நேர்ந்தது.

ஆனால் உங்கள் ஷோரூம் சொல்லும் காரணம் எனக்கு முழுமையாகப் படவில்லை. ஐரோப்பிய அல்லது ஜப்பானியத் தரத்துக்கு உட்பட்ட வண்டிகளை, ஒரு நிறுவனம் ஆண்டுக்கு 2,500 வரை உள்ளூர்ச் சோதனையின்றி இறக்குமதி செய்யலாம் என்று 2018இல் மத்திய அரசு விதியைத் தளர்த்தியது. உங்கள் வண்டி அந்த வழியில் வருகிறதா, இல்லையெனில் எந்தச் சோதனை பாக்கி என்று எழுத்தில் கேளுங்கள்.

மறுமொழி 2 (மன்னார்குடி)

அதைவிட முக்கியம், சேசிஸ் எண் (ஒவ்வொரு வண்டிக்கும் உரிய தனி அடையாள எண்) ஒதுக்கப்பட்டதா என்பது. அது இல்லையென்றால் உங்கள் பெயரில் வண்டியே இல்லை, வரிசையில் ஓர் இடம்தான் இருக்கிறது. அடுத்தது விலை. டெலிவரி நாளில் நடப்பிலுள்ள விலையே செல்லும் என்று புக்கிங் படிவத்தின் பின்பக்கம் பொடி எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். வரியும் அப்படித்தான்: 2023 நவம்பரில் தமிழகத்தில் 20 லட்சம் ரூபாய்க்கு மேல் விலையுள்ள கார்களுக்கான ஆயுட்கால வரி 15 சதவீதத்திலிருந்து 20 ஆனபோது, வரிசையில் நின்றவர்கள் புதிய வரியைத்தான் கட்டினார்கள்.

மறுமொழி 3 (மயிலாடுதுறை)

நானாக இருந்தால் விலகிவிடுவேன். அறுவடைக் காலத்தில் நம் சாலைகளில் பாதியை நெல் காயப்போட்டு அடைத்திருப்பார்கள், ஊருக்கு ஊர் வர்ணம் பூசாத வேகத்தடை வேறு. முன்பக்கத்தை உயர்த்தும் வசதி இல்லாத வண்டியென்றால் பாபநாசம் தாண்டுவதற்குள் அடிப்பக்கம் உரசும். பந்தநல்லூர்ப் பக்கம் ஒருவர் இப்படி ஒன்றை வாங்கி, பெரும்பாலும் உறை போட்டே வைத்திருக்கிறார் (உறை மட்டும் நன்றாக உழைக்கிறது).

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் நன்றி. ஷோரூமில் விசாரித்தேன், சேசிஸ் எண் இன்னும் ஒதுக்கப்படவில்லையாம். முன்பணத்தைப் பிடித்தமின்றித் திருப்பித் தருவதற்கான நிபந்தனையைக் கேட்டு இன்றே கடிதம் அனுப்புகிறேன். முன்பக்கத்தை உயர்த்தும் வசதி உண்டு, அண்ணா. அதைப் பார்த்துத்தான் புக்கிங்கே செய்தேன்.