போர்ட் பிளேர் விமான நிலையம் ஜப்பான்காரன் போட்டதா?

பாளைவாசி:
மே லீவுக்குக் குடும்பத்தோடு அந்தமான் போகிறோம். நெல்லை எக்ஸ்பிரஸில் சென்னை, அங்கிருந்து விமானம். பெரியப்பாவிடம் சொன்னதும், "நீங்க இறங்கப் போற ரன்வேயே யுத்த காலத்துல ஜப்பான்காரன் போட்டதுதாம்ல, நேதாஜி வந்து எறங்குன எடம்" என்றார். அன்றிலிருந்து பிள்ளைகள் இரண்டும் என்னைத் துளைக்கிறார்கள். நேதாஜி அங்கே கொடி ஏற்றினார் என்பதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாது. அந்தமான் ஜப்பான்காரன் கையில் இருந்த அந்த மூன்றரை வருஷம் என்னதான் நடந்தது? விவரம் தெரிந்த அண்ணாச்சிமார் யாராவது சொல்லுங்கள்.

களக்காட்டான்:
நமக்குச் சொந்த ஊர் களக்காடு, போர்ட் பிளேர் அபர்தீன் பஜாரில் கடை வைத்திருக்கிறேன் தம்பி. பெரியப்பா சொன்னது சரிதான், ஆனால் அதில் பாதிதான் இருக்கிறது.

ரங்கூன் விழுந்ததும் வெள்ளைக்காரப் பட்டாளம் கப்பலேறிவிட்டது. 1942 மார்ச் 23ஆம் தேதி ஜப்பான் படை சண்டையே இல்லாமல் இறங்கியது. முதலில் துறைமுகத் தண்ணீரிலேயே இறங்கும் கடல் விமானங்களைத்தான் கொண்டுவந்தார்கள், ஏப்ரலில் பர்மாவின் அக்யாபிலிருந்து வந்த பிரிட்டிஷ் விமானங்கள் அவற்றைத் தாக்கின. அப்புறம், இப்போது விமான நிலையம் இருக்கிற லம்பா லைனில் ஓடுதளம். அதைப் போட்டது ஜப்பான்காரன் என்று சொல்கிறோம், மண் சுமந்தது யார்? இந்த ஊர் ஜனங்கள். வீடு வீடாக ஆள் பிடித்து, அடித்து வாங்கிய வேலை. பழைய கைதிகளின் வழிவந்த குடும்பங்கள் இங்கே இன்னும் இருக்கின்றன, அரசாங்கப் பட்டியலிலேயே 1942க்கு முந்தியவர்கள் என்று தனிப் பிரிவு உண்டு. அந்த வீடுகளில் ஜப்பான் காலம் என்று பேச்செடுத்தாலே பெரியவர்கள் முகம் மாறிவிடும்.

நேதாஜி 1943 டிசம்பர் 29ஆம் தேதி வந்து இறங்கினார், மறுநாள் ஜிம்கானா மைதானத்தில் கொடி ஏற்றினார். அதே நேரத்தில் செல்லுலார் சிறைக்குள் டாக்டர் திவான் சிங் என்பவர் சித்திரவதைப்பட்டுக் கிடந்தார். வேற்றாள் இல்லை, வெளியிலிருந்து சுதந்திரத்துக்குப் போராடிய இந்திய சுதந்திர லீக் அமைப்பின் உள்ளூர்த் தலைவர், நேதாஜியை வரவேற்க முன்னால் நின்றிருக்க வேண்டியவர். உளவாளி என்று பிடித்து உள்ளே போட்டிருந்தார்கள். ஜப்பானியர் நேதாஜிக்குச் சிறையைச் சுற்றிக் காட்டினார்கள், இவரும் இவரைப் போலப் பிடிபட்டவர்களும் இருந்த பக்கத்தைக் காட்டவில்லை. 1944 ஜனவரி 14ஆம் தேதி திவான் சிங் இறந்தார். ஜனவரி 30ஆம் தேதி ஹம்ப்ரேகஞ்சில் 44 பேரைச் சுட்டுக் குழியில் தள்ளினார்கள், அதிலும் பலர் லீக்காரர்கள்தான். கொடி ஏற்றி சரியாக ஒரு மாதம்.

விமான நிலையத்தில் இதற்கெல்லாம் ஒரு பலகைகூட என் கண்ணில் பட்டதில்லை. 2023 ஜூலையில் திறந்த புது முனையம் சிப்பி வடிவத்தில் அழகாகத்தான் இருக்கிறது, மறுக்கவில்லை. மண் சுமந்தவர்களுக்கு ஒரு கல் வைத்திருக்கலாம் என்பதுதான் என் ஆதங்கம்.

கயத்தாற்றுக்காரன்:
யுத்த கால ஓடுதளம் பார்க்கப் பிள்ளைகளை அந்தமான் வரைக்கும் கூட்டிப்போக வேண்டியதில்லை, எங்க ஊரிலேயே ஒன்று இருக்கிறது. கயத்தாறு என்றால் கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட ஊர் என்று எல்லாருக்கும் தெரியும், ரன்வே இருப்பது பக்கத்து ஊர்க்காரனுக்கே தெரியாது. 1942 ஏப்ரல் 5ஆம் தேதி கொழும்பில் குண்டு விழுந்தது, மறுநாள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும். நம் பக்கமும் எந்த நேரமும் வரலாம் என்ற பயத்தில் வாழ்ந்த காலம் அது. கிளம்புவதற்கு முன்னால் ஒரு சாயங்காலம் கூட்டி வாருங்கள். உடைமரத்துக்கு நடுவில் நீளமாகக் கிடக்கும் அந்தத் தளத்தைக் காட்டினால், லம்பா லைன் கதை அவர்களுக்குச் சட்டென்று பிடிபடும்.

பொருநை மகள்:
களக்காட்டு அண்ணாச்சி சொன்னதோடு ஒரு தமிழரையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நேதாஜியின் ஆசாத் ஹிந்த் அரசு அந்தமானுக்கு நியமித்த கவர்னர் ஏ.டி. லோகநாதன், அவரும் டாக்டர். 1944 பிப்ரவரியில் வந்தார். பெயர்தான் கவர்னர், போலீஸை ஜப்பானியர் கடைசி வரை அவர் கையில் கொடுக்கவே இல்லை. கல்வி இலாகா மட்டும்தான் கிடைத்தது. கண்ணெதிரே ஆட்களைப் பிடித்துக்கொண்டு போகும்போது தடுக்க அதிகாரம் இல்லாமல் உட்கார்ந்திருப்பது எவ்வளவு கொடுமை! மனம் வெறுத்து அந்த வருஷமே திரும்பிவிட்டார்.

கார் நிக்கோபாரிலும் இதே கதைதான். நிக்கோபார் மக்களை அடித்து வேலை வாங்கி ஓடுதளம் போட்டார்கள். பிரிட்டிஷ் விமானம் குண்டு போட்டால், நீங்கள்தான் சைகை காட்டினீர்கள் என்று அவர்களையே பிடித்துக் கொன்றார்கள். அங்கே இப்போது விமானப்படைத் தளம். சுற்றுலா போகிறவர்களை விடமாட்டார்கள், அதனால் அந்தத் திட்டம் வேண்டாம்.

பாளைவாசி:
அக்கா, அண்ணாச்சி, ரொம்ப நன்றி. சின்னவளுக்கு எட்டு வயசுதான், ஹம்ப்ரேகஞ்சுக்குக் கூட்டிப்போகலாமா என்று யோசிக்கிறேன். ஜப்பான்காரர்கள் எப்போதுதான் போனார்கள்?

களக்காட்டான்:
1944 ஜூன் 21ஆம் தேதி இல்லஸ்ட்ரியஸ் என்ற பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பலிலிருந்து வந்து இங்கே குண்டு போட்டார்கள், ஆனால் படை இறங்கவில்லை. கடைசியில் சாப்பாடே இல்லை. 1945 ஆகஸ்டில், தின்ன வாய் குறையட்டும் என்று நூற்றுக்கணக்கானவர்களைப் படகில் ஏற்றி ஹேவ்லாக் பக்கம் கடலில் தள்ளினார்கள். நாம் இப்போது குளிக்கப் போகிற அதே ஹேவ்லாக். அக்டோபரில்தான் சரணடைந்தார்கள், அதுவும் நேதாஜி கொடி ஏற்றிய அதே ஜிம்கானா மைதானத்தில்.

பாப்பாவைத் தாராளமாகக் கூட்டி வாங்க தம்பி. ஹம்ப்ரேகஞ்சில் நினைவிடம் மட்டும்தான், பயப்படும்படி ஒன்றும் கிடையாது. ஊருக்கு வெளியே இருப்பதால் ஆட்டோ வேண்டாம், கார் பேசிக்கொள்ளுங்கள். மதியத்துக்குள் போய்விட்டு வந்தால் சாயங்காலம் செல்லுலார் சிறை ஒலி-ஒளிக் காட்சிக்கும் நேரம் இருக்கும்.