காணும் பொங்கலன்று முழு ஊரடங்கு: அடுக்குமாடியில் பொங்கலை எப்படி வைப்பது?

கேள்வி (மூணாவது மாடி, சென்னை, ஜனவரி 12, 2022)

24 வீடுள்ள ஃப்ளாட்ஸ். வருஷா வருஷம் கீழே பொதுப் பொங்கல், கோலப்போட்டி, உறியடி எல்லாம் உண்டு. இந்தத் தடவை கொரோனாவால் ஞாயிறு (16) முழு ஊரடங்கு. 14 முதல் 18 வரை கோயிலும் கிடையாது. இரண்டு வீட்டில் பாசிட்டிவ், வீட்டுத் தனிமையில் இருக்கிறார்கள். கூட்டம் சேர்க்காமல் ஒரு பானையாவது வைக்கலாமா? அந்த இரண்டு வீட்டுக்கும் எப்படிக் கொடுப்பது?

பதில்: கணக்குப்பிள்ளை

முதலில் நாள் கணக்கு. பலரும் கோட்டை விடுவது இங்கேதான். சனிக்கிழமை (15) திருவள்ளுவர் தினம், இறைச்சிக் கடை இருக்காது. ஞாயிறு ஊரடங்கு, அன்றும் இருக்காது. காணும் பொங்கலுக்குக் கறி வேண்டுமென்றால் வெள்ளிக்கிழமையே வாங்கி, ஒரு வேளைக்கு ஒரு டப்பா என்று பிரித்து ஃப்ரீஸரில் வையுங்கள். மொத்தமாக வைத்தால் முழுதையும் உருக்கி மறுபடி உறைய வைக்க வேண்டியிருக்கும். கெடுவது அப்படித்தான். ஞாயிறு பால், மருந்து கிடைக்கும், ஓட்டலில் பார்சல் மட்டும். மெரினா நினைப்பே வேண்டாம். அலங்காநல்லூர் ஜல்லிக்கட்டையே 17க்குத் தள்ளிவிட்டார்கள்!

உறியடி, கோலப்போட்டி இரண்டையும் விட்டுவிடுங்கள். அவரவர் வாசலில் கோலம் போட்டுப் படம் அனுப்பினால் போதும்.

பதில்: வெண்கலப்பானை

ஒரு பானை தாராளமாக வைக்கலாம், மொட்டைமாடியில். கீழே வைத்தால் விறகுப் புகை ஜன்னல் வழியாக இருமலோடு படுத்திருப்பவர் அறைக்குள் போய்விடும். பானைப் பக்கத்தில் இரண்டு பேர் போதும்.

6 லிட்டர் பானைக்குப் பச்சரிசி அரை கிலோ, பாசிப்பருப்பு 125 கிராம், வெல்லம் 750 கிராம், நெய் 150 கிராம். பால் ஒரு லிட்டரும் மீதி அரிசி களைந்த இரண்டாம் தண்ணீருமாகக் கழுத்துவரை ஊற்றுங்கள். குறைத்து ஊற்றினால் கொதிக்குமே தவிர வழியாது. பொங்கி வழிந்ததும் இரண்டு லிட்டரை முகந்து ஓரமாக வைத்துவிட்டு அரிசி, பருப்பைப் போடுங்கள். இறுகினால் முகந்ததிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக விடலாம்.

வெல்லத்தை அவசரப்பட்டுப் போடக்கூடாது. அரிசியை விரலால் நசுக்கினால் மாவாக வேண்டும். அதற்கு முன் வெல்லம் விழுந்தால் பிறகு எவ்வளவு எரித்தாலும் பருக்கை வேகாது. வெல்லத்தைத் தனியே கரைத்து, மண் போக வடிகட்டி, விறகை வெளியே இழுத்துத் தணலாக்கிய பிறகு ஊற்றுங்கள். தீ பெரிதாக இருந்தால் அடிபிடித்துவிடும். மண்பானை என்றால் முதல் நாள் இரவே தண்ணீரில் ஊறப்போடுங்கள், இல்லாவிட்டால் விரிசல் விடும். பித்தளை என்றால் உள்ளே ஈயப்பூச்சு இருக்கிறதா பாருங்கள்.

இந்த அளவுக்கு 150 கிராம் கிண்ணம் சுமார் 25 வரும். உங்கள் 24 வீட்டுக்குச் சரி.

பதில்: தரைத்தளம்

மேலே சொன்னதில் ஒன்று விட்டுப்போச்சு: சானிடைசர். அடுப்புப் பக்கம் அதைக் கொண்டு போகவே கூடாது. சாராயம் கலந்தது, கையில் ஈரம் காய்வதற்குள் தீக்கிட்டப் போனால் பற்றிக்கொள்ளும், பகல் வெளிச்சத்தில் அந்தச் சுவாலை கண்ணுக்கும் சரியாகத் தெரியாது. மாடியில் வாளித் தண்ணீரும் சோப்பும் வையுங்கள்.

'பொங்கலோ பொங்கல்' கத்தாமல் இருக்க முடியாதுதான். ஆனால் உரக்கக் கத்தும்போதுதான் எச்சில் துளி அதிகம் தெறிக்கும். அவரவர் பால்கனியில் நின்று தட்டில் கரண்டியால் தட்டச் சொல்லுங்கள், தெருவே கேட்கும். சனிக்கிழமை காலை கனுப்பிடி (காக்கைக்கு வைக்கும் சோற்று உருண்டை) வைக்கிறவர்களுக்கு வீட்டுக்குப் பத்து நிமிஷம் என்று மாடியைப் பிரித்துக் கொடுங்கள்.

கேள்வி கேட்டவர்

நன்றி. தனிமையில் இருக்கும் வீட்டுக்கு?

பதில்: தரைத்தளம்

பாக்குமட்டைக் கிண்ணத்தில் வைத்து, பையைக் கதவுக் கைப்பிடியில் மாட்டிவிட்டு, படியிறங்கிய பிறகு போன் பண்ணுங்கள். எவர்சில்வர் பாத்திரம் கொடுத்துத் திரும்ப வாங்க வேண்டாம். அங்கே சர்க்கரை நோயாளி இருந்தால் வெண்பொங்கல்தான் (அரிசி இரண்டு பங்கு, பருப்பு ஒரு பங்கு). தொண்டை வலிக்கு மிளகை முழுசாகப் போடாமல் பொடித்துப் போடுங்கள்.

2022 ஜனவரி விதிப்படி, பாசிட்டிவ் வந்து குறைந்தது 7 நாள் ஆகி, கடைசி 3 நாள் தொடர்ந்து காய்ச்சல் இல்லையென்றால் தனிமை முடிகிறது. மறுபடி டெஸ்ட் தேவையில்லை. பண்டிகை என்று ஒரு நாள் முன்னாடியே வெளியே வரச் சொல்லாதீர்கள். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் ஆக்சிஜன் அளவை 93 சதவீதம் அல்லது அதற்குக் கீழே காட்டினால், ஒரு மணி நேரத்துக்குள் மூன்று தடவை பார்க்கச் சொல்லுங்கள். விரல் சில்லென்றிருந்தாலும் நகப்பூச்சு இருந்தாலும் தப்பாகக் காட்டும். அப்படியும் ஏறாவிட்டால் உடனே மருத்துவமனைதான். ஞாயிறு ஆட்டோ கிடைப்பது சிரமம், 108ஐக் கூப்பிடுங்கள். மருத்துவச் சந்தேகம் கேட்க 104.